குழம்பில் மிதக்கும் சிவப்பு எண்ணெயும் கண் மாத்திரையும்

சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு போன பிளாஸ்டிக் டப்பாவை என்ன தேய் தேய்த்தாலும் அந்த ஆரஞ்சுக் கறை முழுசாகப் போகாது. அதே சாம்பார் எவர்சில்வர் டப்பாவில் ஒரே அலசலில் போய்விடும். காரணம் ரொம்ப எளிது. அந்த நிறங்கள் தண்ணீரில் கரையாதவை, எண்ணெயில் கரைபவை. பிளாஸ்டிக்கோ பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வந்தது, அதனால் நிறம் எண்ணெயோடு போய் அதற்குள் உட்கார்ந்துகொள்கிறது. டப்பாவை மொட்டை மாடி வெயிலில் சும்மா காயப்போட்டுப் பாருங்கள், கறை வெளுத்துவிடும். நிறத்தைத் தருகிற மூலக்கூறுகளை வெளிச்சமும் காற்றும் சேர்ந்து உடைத்துப்போடுகின்றன.

கறையில் மஞ்சள் தூளின் பங்கு உண்டு, அது குர்குமின், வேறு குடும்பம். மிச்சம் இருக்கிற சிவப்பும் ஆரஞ்சும்தான் நான் சொல்ல வந்த கரோட்டினாய்டுகள் என்கிற நிறமிகள். தக்காளியில் லைகோபீன், மிளகாயில் கேப்சாந்தின், கேரட்டில் பீட்டா கரோட்டின், கீரையில் லூட்டீன். இந்தப் பெயர்களை எல்லாம் இப்போது வடசென்னையில் எங்கள் டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) மருந்துக்கடைகளின் கண்ணாடி அலமாரியிலேயே படிக்கலாம். கண்ணுக்கு ஒரு அட்டை, தோல் பளபளப்புக்கு ஒரு அட்டை, 'ஆன்ட்டி ஆக்சிடன்ட்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு அட்டை. மீன் குழம்பில் மேலே பிரிந்து மிதக்கிற சிவப்பு எண்ணெயை 'கொழுப்பு' என்று கரண்டியால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, அதே சரக்கை மாத்திரையாகக் காசு கொடுத்து வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

முதலில் வேதியியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நிறமிகளில் பெரும்பாலானவை நாற்பது கார்பன் அணுக்கள் கொண்ட நீளமான சங்கிலிகள். ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு என்று மாறி மாறி வருகிற அந்த அமைப்புதான் வெளிச்சத்தில் உள்ள நீலத்தை விழுங்கிவிட்டு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பை நமக்குத் திருப்பி அனுப்புகிறது. 1831இல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானியர் கேரட்டிலிருந்து கரோட்டினைப் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பைக் கண்டுபிடிக்க இன்னும் நூறு வருஷம் ஆனது. கண்டுபிடித்த பால் கேரர் 1937இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு வாங்கினார். இன்றைக்கு எழுநூறுக்கு மேற்பட்ட கரோட்டினாய்டுகள் பட்டியலில் இருக்கின்றன. நம் சாப்பாட்டில் வருபவை சில டஜன்தான். அவற்றிலும் பீட்டா கரோட்டின், ஆல்பா கரோட்டின், பீட்டா கிரிப்டோசாந்தின் என்ற மூன்றைத்தான் உடம்பு முக்கியமாக வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. தக்காளியின் லைகோபீன் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் வைட்டமின் ஏ ஆகாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொரு குழப்பம், சிவப்பாக இருந்தாலே கரோட்டினாய்டு என்று நினைப்பது. பீட்ரூட் சிவப்பு வேறு வகை. நாவல்பழம், கறுப்புத் திராட்சை, கத்திரிக்காய்த் தோல் இவற்றின் ஊதா வேறு. வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பீட்ரூட்டை நறுக்கிய கையைத் தண்ணீரில் காட்டினால் தண்ணீர் சிவக்கும். கேரட் துருவலைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் அவ்வளவாக மாறாது, எண்ணெயில் வதக்கினால் எண்ணெய்தான் மஞ்சளாகும். அப்புறம் பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜார் பக்கம் தட்டில் குவித்து வைத்திருக்கிற அத்தோ நூடுல்ஸின் ஆரஞ்சு, அது கலர் பொடி. அத்தோவை நான் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாத மாலை நேரம் ஒரு மாலை நேரமா. ஆனால் அந்த நிறத்தில் சத்து தேட வேண்டாம்.

சரி, நிறம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் விஷயம் அதிகம். கீரை பச்சையாக இருப்பதால் அதில் கரோட்டின் இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பச்சையம் மேலே மூடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இலை பழுத்து உதிரும் நேரத்தில் பச்சையம் கழன்றுபோய் அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. முருங்கைக்கீரையிலும் அகத்திக்கீரையிலும் நூறு கிராமுக்கு இருக்கிற பீட்டா கரோட்டின், கேரட்டில் இருப்பதைவிட அதிகம். கேரட் மலையிலிருந்து லாரி ஏறி கோயம்பேட்டுக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோவில் தண்டையார்பேட்டை தள்ளுவண்டிக்கு வர வேண்டும். 1996 வரைக்கும் மொத்தச் சந்தை கொத்தவால் சாவடியில் இருந்தது, நமக்குக் காலாற நடந்து போகிற தூரம். சந்தை கோயம்பேட்டுக்குப் போன பிறகு வடசென்னைக் காய்கறிக்கு ஒரு வண்டிக் கூலி கூடிவிட்டது என்று பழைய வியாபாரிகள் இன்னும் புலம்புவார்கள். முருங்கைக்கோ லாரியும் வேண்டாம் ஆட்டோவும் வேண்டாம். எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுச் சுவரைத் தாண்டி நிற்கிற மரத்தில் ஆளுக்கு ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போவார்கள், வீட்டுக்கார ஆயா திட்டுவார், திட்டிக்கொண்டே தாழ்ந்த கிளையை வளைத்தும் கொடுப்பார்.

ஆனால் 'கீரைதான் அமிர்தம்' என்று எழுதிவிட்டுப் போகவும் எனக்கு மனசு வரவில்லை. 1995இல் இந்தோனேசியாவில் பாலூட்டும் தாய்மார்களுக்குத் தினமும் கரும்பச்சைக் கீரை கொடுத்துச் செய்த ஆய்வு ஒன்று ஊட்டச்சத்துத் துறையையே கொஞ்சம் உலுக்கியது. அவர்களுடைய வைட்டமின் ஏ நிலை எதிர்பார்த்தபடி ஏறவில்லை. இலைக்குள் கரோட்டின் புரதத்தோடு பிணைந்து, செல் சுவருக்குள் பூட்டிக் கிடக்கிறது. வயிற்றுக்குள் போனதெல்லாம் ரத்தத்துக்குள் போய்விடாது. இதுபோன்ற முடிவுகளுக்கு அப்புறம் கணக்கே மாறியது. முன்பு ஆறு மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினுக்கு ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் ஏ என்று போட்டுக்கொண்டிருந்ததை, 2001இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் உணவிலிருந்து வருவதற்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்று மாற்றியது. பப்பாளி இதில் கொஞ்சம் தேவலாம். கேரட்டில் இந்த நிறமி படிகமாக இறுகிக் கிடக்கிறது, பப்பாளியில் அப்படி இல்லை, அதனால் எளிதாகச் சேருகிறது.

இந்தப் பூட்டைத் திறக்கிற சாவி நம் அடுப்பில்தான் இருக்கிறது. 'சமைத்தால் சத்து போய்விடும், பச்சையாகச் சாப்பிடு' என்கிற அறிவுரை வைட்டமின் சி-க்குப் பொருந்தும், கரோட்டினாய்டுக்கு அப்படியே பொருந்தாது. சூடு செல் சுவரைக் குலைத்து நிறமியை வெளியே விடுகிறது, எண்ணெய் அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது, குடலில் கொழுப்போடு கொழுப்பாக அது உள்ளே போகிறது. தக்காளியின் லைகோபீன் பச்சைப் பழத்தைவிட, எண்ணெய் சேர்த்துச் சமைத்த விழுதிலிருந்து நன்றாகச் சேருகிறது என்று 1990களிலேயே காட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் இன்னொரு சோதனையில் கேரட், தக்காளி, கீரை எல்லாம் போட்ட சாலட்டைக் கொழுப்பில்லாத டிரெஸ்ஸிங்கோடு கொடுத்தபோது ரத்தத்தில் கரோட்டினாய்டு ஏறவே இல்லை என்று சொல்லும்படிதான் இருந்தது. ஆக, எடை குறைக்கிறேன் பேர்வழி என்று ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் கேரட்டைக் கடித்துக்கொண்டிருப்பவருக்கு நார்ச்சத்து கிடைக்கும், மெல்லுகிற பயிற்சியும் கிடைக்கும்.

எங்கள் வீட்டுக் குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், அப்புறம் தக்காளி. தக்காளி மசிந்து ஓரத்தில் எண்ணெய் கக்கும் வரை அம்மா கரண்டியை விட மாட்டார், அந்த நேரத்தில் யார் பேசினாலும் 'உம்'தான் பதில். அப்புறம்தான் மிளகாய்த் தூள். முதலில் மஞ்சளாக இருந்த எண்ணெய் தூள் விழுந்ததும் சட்டென்று செங்கல் நிறத்துக்கு மாறும். அந்த ஒரு நொடியில் லைகோபீனும் கேப்சாந்தினும் எண்ணெய்க்குள் இறங்கிவிட்டன. புளித்தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டாலும் அவை தண்ணீருக்குள் போகாது, எண்ணெயோடு மேலே வந்து மிதக்கும். அதை ஒதுக்கித் தள்ளுவது என்றால் எதை ஒதுக்குகிறோம் என்று தெரிந்து ஒதுக்க வேண்டும். கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கச் சொல்லவில்லை. நாலைந்து கிராம் கொழுப்பு இருந்தாலே ஒரு வேளைக்குப் போதும், அதாவது ஒரு டீஸ்பூன். பொரியலில் தேங்காய்த் துருவல் போடுவதும், முருங்கைக்கீரையைத் துவரம் பருப்போடு வேகவைத்துத் தாளிப்பதும், ராகி அடையில் கீரையைக் கலந்து எண்ணெய் விட்டுச் சுடுவதும் எந்த ஆய்வுக்காகவும் யாரும் ஆரம்பித்ததல்ல.

கெடுக்கிற வேலையையும் நாமே செய்கிறோம். முருங்கைக்கீரையைச் சுள்ளென்ற வெயிலில் காயவைத்துப் பொடியாக்கிக் கண்ணாடிப் பாட்டிலில் விற்கிறார்களே, பாதிப் பாட்டில்கள் வைக்கோல் நிறத்தில் இருக்கும். மூடிவைத்த டப்பாவில் போன வருஷத்து மிளகாய்த் தூள் வெளிறிப்போவதும் இதே கதைதான். நிழலில் உலர்த்தி, வெளிச்சம் படாமல் வைத்தால் ஓரளவு தங்கும்.

இதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் தருகிற விஷயம் ஒன்று உண்டு. ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குத் தருகிற பாமாயிலைச் சொல்கிறேன். எண்ணெய்ப் பனைப் பழத்திலிருந்து பிழிந்த கச்சா எண்ணெய் ரத்தச் சிவப்பாக இருக்கும், இயற்கையில் கரோட்டின் மிகுந்த எண்ணெய்களில் அது முன்வரிசை. மேற்கு ஆப்பிரிக்காவில் அதை அப்படியேதான் சமைக்கிறார்கள். நமக்கோ எண்ணெய் தெளிவாக, வாசனை இல்லாமல் இருக்க வேண்டும். அதனால் களிமண்ணால் வெளுத்து, அதிகச் சூட்டில் நீராவி பாய்ச்சி, கரோட்டின் முழுவதையும் எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் செயற்கையாகத் தயாரித்த வைட்டமின் ஏயை அளந்து சேர்த்து 'செறிவூட்டப்பட்டது' என்று பாக்கெட்டில் அச்சடிக்கிறார்கள். சேர்ப்பது தப்பில்லை, நல்லதுதான், குறைபாடு இருக்கிற குழந்தைகளுக்கு அது போய்ச் சேரட்டும். எடுத்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் குறை.

காய்கறியை விட்டுக் கொஞ்சம் காசிமேட்டுப் பக்கம் போய்விட்டு வருகிறேன், வடசென்னைக்காரன் கரோட்டினாய்டு எழுதும்போது இறாலைச் சொல்லாமல் விட்டால் ஊரில் மதிக்க மாட்டார்கள். ஏலம் முடிந்து கூடையில் கிடக்கிற இறால் சாம்பல் நிறம், நண்டு நீலமும் பச்சையும். சட்டியில் போட்ட இரண்டு நிமிடத்தில் சிவந்துவிடுகின்றன. சூடு புதிதாக எந்தச் சிவப்பையும் உண்டாக்கவில்லை. அஸ்டாசாந்தின் என்ற கரோட்டினாய்டை ஒரு புரதம் இறுக்கிப் பிடித்து நீலமாகக் காட்டிக்கொண்டிருந்தது, வெந்ததும் புரதம் குலைந்து பிடி தளர்ந்துவிடுகிறது. சங்கரா மீனின் செம்மையும் இதே சரக்குதான். மீனும் இறாலும் இதை அடியிலிருந்து தாமாகத் தயாரிப்பதில்லை, மூலச்சரக்கு கடல் பாசியில் பிறந்து தீனி வழியாக மேலே ஏறி வருகிறது. கோழி முட்டை மஞ்சள் கருவின் நிறமும் தீவனத்தைப் பொறுத்ததுதான். தீவனத்தில் செண்டுமல்லிப் பூவின் சாறு சேர்ப்பார்கள், அந்தப் பூவின் மஞ்சள் முழுக்க லூட்டீன். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மாலைக்காக இல்லாமல் இந்த லூட்டீனுக்காகவே ஒப்பந்தம் போட்டுச் செண்டுமல்லி பயிரிடுகிறார்கள். மருந்துக்கடை லூட்டீன் மாத்திரைக்கும் பெரும்பாலும் மூலம் அந்தப் பூதான். மஞ்சள் கருவில் லூட்டீன் கொழுப்போடு சேர்ந்தே இருப்பதால் கீரையைவிட நன்றாக உடம்பில் சேரும், சத்துணவு முட்டையில் பிள்ளைகள் வெள்ளைக்கருவை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளைத் தூக்கிப் போடுவதைப் பார்த்தால் டீச்சர்கள் இதைச் சொல்லலாம்.

மனிதர்களுக்கும் தீனியால் நிறம் மாறும். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு அது நடந்தது. டிவியில் யாரோ சொன்னார்கள் என்று காலையில் ஒரு பெரிய டம்ளர் கேரட் ஜூஸ், சாயங்காலம் பப்பாளி. மாதக்கணக்கில் விடாமல். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, உள்ளங்கை இப்டி மஞ்சளா கீது? காமாலையாத்தான் இருக்கும், மொதல்ல மந்திரிச்சுடு" என்று சொல்ல, பெரியம்மா "மஞ்சத் தேச்சுக் குளிச்சது போவல போலருக்கு" என்று சமாளித்திருக்கிறார். நாங்கள் போவதற்குள் கீழாநெல்லி அரைத்தாகிவிட்டது, உப்பில்லாப் பத்தியமும் ஆரம்பம். உள்ளங்கை, பாதம், மூக்கின் இரண்டு பக்க மடிப்பு எல்லாம் ஆரஞ்சு கலந்த மஞ்சள். "பெரிம்மா, வெளிச்சத்துக்கு வந்து மேல பாருங்க" என்று கண் இமையை இழுத்துப் பார்த்தால் விழி வெள்ளை வெளேரென்று இருந்தது. காமாலையில் முதலில் மஞ்சளாவதே அந்த வெள்ளைப் பகுதிதான். கரோட்டின் ஏறியதால் வரும் மஞ்சள் கண்ணைத் தொடாது, தோலின் தடித்த இடங்களில் போய்த் தங்கும். ரத்தப் பரிசோதனையில், காமாலை என்றால் ஏறியிருக்க வேண்டிய பிலிருபின் சரியாகவே இருந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே ஜூஸை நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிறம் வந்தது. சர்க்கரை நோயும் தைராய்டு குறைவும் இருப்பவர்களுக்கு இப்படிச் சீக்கிரம் மஞ்சளாகும் என்பதால் அவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு விஷயம், கண் வெள்ளை மஞ்சளாக இருந்தால் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

'கேரட் ஜூஸ் குடித்தால் சிவப்பாகலாம்' என்று கல்யாணம் நிச்சயமான பெண்களை வற்புறுத்துகிறவர்கள் பெரியம்மாவின் உள்ளங்கையைப் பார்த்திருக்க வேண்டும். குடித்தால் வரும் நிறம் அதுதான்.

அவ்வளவு கரோட்டின் ஏறியும் பெரியம்மாவுக்கு வைட்டமின் ஏ விஷமாக மாறவில்லை. உடம்பு தேவைக்குத் தக்கபடிதான் கரோட்டினை மாற்றும், போதுமென்றால் மாற்றுவதைக் குறைத்துக்கொள்ளும். நேரடி வைட்டமின் ஏ அப்படி இல்லை, அது ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். அதிக அளவில் எடுத்தால் வயிற்றுப் பிள்ளைக்கே கெடுதல் என்பதால்தான் கர்ப்பிணிகள் வைட்டமின் ஏ மாத்திரையைச் சொந்தமாக வாங்கிப் போடக் கூடாது என்பதும், ஆட்டு ஈரலை அளவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதும். குறைபாடு என்றால் அதுவும் கொடுமைதான். இருட்டில் தட்டுத் தடுமாறுகிற மாலைக்கண்ணில் ஆரம்பித்து, கருவிழி குழைந்து பார்வை போவது வரை கொண்டுபோய் விடும். இந்தியாவில் 1970 முதல் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கிற திட்டம் இருக்கிறது. ஒன்பதாவது மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், அப்புறம் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம். மாநகராட்சி சுகாதார நிலையத்தில் இலவசம். ஆனால் குறைபாடு இல்லாதவர் கேரட்டை மூட்டையாகத் தின்றாலும் கண்ணாடி கழலாது. கிட்டப்பார்வை என்பது கண்பந்தின் நீளம் சம்பந்தப்பட்ட சங்கதி.

இனி அந்த மாத்திரைக்கு வருகிறேன். ரத்தத்தில் கரோட்டினாய்டு அதிகம் உள்ளவர்களுக்குப் புற்றுநோயும் மாரடைப்பும் குறைவாக இருப்பதை 1980களில் பல ஆய்வுகள் கவனித்தன. அப்போ பீட்டா கரோட்டினைத் தனியாகக் கொடுத்தால் நுரையீரல் புற்று குறையுமே என்று பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தது. மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. குறையவில்லை, கூடியது. அமெரிக்காவில் புகைபிடித்தவர்கள், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியில் வேலை பார்த்தவர்கள் என்று பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த இன்னொரு சோதனையில், பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏயும் சேர்த்து வாங்கியவர்களுக்கு 28 சதவீதம் கூடுதல். அதைக் காலக்கெடு முடியுமுன்பே 1996இல் நிறுத்திவிட்டார்கள். புகை பெரிதாக இல்லாத அமெரிக்க மருத்துவர்களிடம் பன்னிரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்ததில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

மாத்திரையிலிருந்து வரும் கரோட்டின் ரத்தத்தில் பல மடங்கு எகிறுகிறது, காயிலிருந்து அப்படி எகிறாது. புகை அரித்த நுரையீரலில் அது உடைந்து தானே கெடுதல் செய்கிறது என்று கருதுகிறார்கள். அந்தப் பழைய ஆய்வுகள் கண்ட 'ரத்தத்தில் கரோட்டினாய்டு அதிகம்' என்பது பெரும்பாலும் அந்த ஆள் காய்கறி நிறையச் சாப்பிடுகிறார், ஒழுங்காக இருக்கிறார் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். கண் மாத்திரையிலும் இதே பாடம் நடந்தது. விழித்திரையின் நடுவில் மஞ்சளாக இருக்கும் மாக்குலாவில் லூட்டீனும் சியாசாந்தினும் உண்மையிலேயே படிந்திருக்கின்றன. வயதானவர்களுக்கு மாக்குலா தேயும் நோய் நடுத்தர நிலையில் இருந்தால், அது முற்றாமல் இருக்கக் குறிப்பிட்ட ஒரு கலவை உதவுகிறது. அந்தக் கலவையில் முதலில் பீட்டா கரோட்டின் இருந்தது. 2013இல் வெளிவந்த பெரிய ஆய்வு அதை எடுத்துவிட்டு 10 மில்லிகிராம் லூட்டீன், 2 மில்லிகிராம் சியாசாந்தின் என்று மாற்றச் சொன்னது, ஏனென்றால் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில், அதுவும் எப்போதோ புகையை விட்டவர்களில், நுரையீரல் புற்று கூடுதலாகத் தென்பட்டது. மாக்குலா நோய் இல்லாதவருக்கு, வெறுமனே கண் எரிகிறது, செல்போன் அதிகம் பார்க்கிறேன் என்பவருக்கு, இந்த மாத்திரைக்கு வேலை இல்லை.

இதைத் தென்சென்னை யோகா வகுப்புக்காரர்களைவிட நம் பக்கத்து ஆட்களுக்குத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள், மணலி, எண்ணூர் ஆலைகளில் புகையோடு புகையாக நின்றவர்கள், வேலை முடிந்ததும் டீயும் பீடியும் என்று காலம் தள்ளியவர்கள் நிறையப் பேர். வயதான பிறகு பிள்ளைகள் பாசத்தில் வாங்கிக் கொடுப்பது 'ஆன்ட்டி ஆக்சிடன்ட்' அட்டை. அட்டையைத் திருப்பிச் சிறிய எழுத்தில் பீட்டா கரோட்டின் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள், புகைத்தவர், புகைக்கிறவர் என்றால் அது இல்லாத மருந்தாகக் கேளுங்கள், டாக்டர் எழுதிக் கொடுத்ததாக இருந்தால் அவரிடமே புகைப் பழக்கத்தைச் சொல்லுங்கள். கேரட்டோ பப்பாளியோ சாப்பிட எந்தத் தடையும் இல்லை.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் சித்தப்பாவிடம் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ இன்னாதாம்பா சொல்ற, மாத்திரைய உடணுமா, பீடிய உடணுமா?" என்றார். ரெண்டையும் என்றேன். மாத்திரையை அன்றைக்கே விட்டுவிட்டார்.